வெள்ளைக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

“ரோட்டத் தாண்ட ஒனக்குப் பிடிக்கலையா, இல்ல முடியலையா?” என்று ஜெபக்கனி அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

அவள் ஏணிமேல் நின்று கம்பத்தின் உச்சியிலிருந்த சோலார் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கீழே ஆட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றியது. வழக்கம்போல வாயில் வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பிடிக்கவில்லை என்று ஆட்டினேனா, முடியவில்லை என்று ஆட்டினேனா என்பது அவளுக்கும் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்து ஆட்டைக் கட்டும்போதுதான் கேள்வி எனக்குள் இறங்கியது. அதன்பிறகு அது வெளியே போகவே இல்லை.

எங்கள் ஊர் வெள்ளாரம்பட்டி. நாலுவழிச்சாலை ஊரை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. பள்ளிக்கூடம், தீப்பெட்டி ஆபீஸ், சுடுகாடு எல்லாம் மேற்கே. அம்மன் கோயிலும் ரேஷன் கடையும் நல்லதண்ணிக் கிணறும் எங்கள் பக்கம், கிழக்கே. அதனால் ஊரே நாள் முழுக்கச் சாலையைத் தாண்டிக்கொண்டிருக்கும். நடுத்தடுப்பில் யாரோ கம்பியை வளைத்து ஒரு சந்து செய்திருந்தார்கள். அதில் நுழைந்து நுழைந்து அந்த இடம் வழவழப்பாகிவிட்டது.

செத்தவர்களும் உண்டு. நாய்கள், ஆடுகள், பிறகு பக்கத்து வீட்டு ஆவுடையம்மா சித்தியின் வீட்டுக்காரர். அவரை எரித்துவிட்டு வந்த மறுநாள் காலையில் என் அம்மா தூக்குச்சட்டியோடு அதே இடத்தில் தாண்டி தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடித்தபோது நடுச்சாலையில் நின்று, “நான் போயிட்டு நீ போடா, உங்க ஆத்தா வீட்டு ரோடா?” என்று கத்தினாள். என் அம்மா அப்படிப்பட்டவள். என் அக்கா வேலம்மாவை மேற்கே கட்டிக்கொடுத்தபோது, மேளக்காரர்களை முன்னால் விட்டு, இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவைத்து மாப்பிள்ளை வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த கோடையில்தான் கம்பங்கள் வந்தன. சாலையின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக. உச்சியில் தகடு, அதற்குக் கீழே சாம்பல் நிறப் பெட்டி, பெட்டியின் நெற்றியில் பொட்டு மாதிரி ஒரு பச்சை விளக்கு. எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அதுதான் பேச்சு.

“கேமராவாம். ஹெல்மெட்டு போடாதவனப் பிடிக்குமாம்.”

“எங்க வீட்டு மாமா நடந்துதான் போறாரு. அவரப் பிடிக்கட்டும், குடிக்கவாவது போவாம இருப்பாரு.”

“டவருக்கா, போன் டவரு.”

“அப்போ என் போனு ஏன் மூலையில வச்சா மட்டும் பேசுது?”

வார்டு மெம்பர் வந்து, விபத்து நடக்காமல் இருப்பதற்காக வைத்திருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் சாலையில் ஒருவரும் சாகவில்லை.

முதலில் நாய்கள் தாண்டுவதை நிறுத்தின. ஆடுகள் ஓரத்து வெள்ளைக்கோடு வரை போய், தலையை உதறிக்கொண்டு திரும்பின. பிறகு நாங்கள். அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு காரணம் இருந்தது. அம்மாவுக்குக் குச்சி அடுக்கி முதுகு வலி வந்துவிட்டது, ஆபீஸ் வேண்டாம். மேற்குத்தெருக்காரர்கள் அங்கேயே ஒரு கல்லை நட்டு அம்மனாக்கிக்கொண்டார்கள், கேட்டால் இங்கே பூசாரி சரியில்லை என்றார்கள். எங்கள் பக்கத்துப் பிணங்களைக் கண்மாய்க்கரையில் எரிக்கத் தொடங்கினோம், அதுதான் பக்கம் என்று. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கூச்ச சுபாவம், படிப்பு ஏறவில்லை என்றார்கள். நானும் நம்பினேன். எங்கள் தெருவில் அந்த வருடம் பள்ளியை விட்ட பிள்ளைகளில் ஒருத்திக்குக் காது வலி, ஒருத்திக்கு வாத்தியார் பிடிக்கவில்லை, ஒருவனுக்கு ஆடு மேய்க்க ஆள் இல்லை. ஒரே காரணம் இரண்டு பேருக்கு இல்லை.

இரண்டாம் வருடம் அக்கா உண்டானாள்.

தலைப்பிள்ளைக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவது எங்கள் வழக்கம். தாய் வீட்டில் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப்பொங்கல் என்று ஆக்கி, பெண்கள் கூடிப்போய், மகளை உட்காரவைத்து ஊட்டி, கையோடு பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். தாய் வந்து அழைக்காமல் மகள் அவளாக வரக்கூடாது. அக்காவுக்கு மாமியார் இல்லை. அத்தான் கருத்தபாண்டி லோடு வண்டி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஒரு பெண்துணை எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நர்சு சொல்லியிருந்தாள்.

ஏழாம் மாதம் அம்மா சோறு ஆக்கினாள். புதுச்சேலை கட்டி, சித்தியையும் மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு சாலை வரைக்கும் சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். வெள்ளைக்கோட்டில் அம்மா நின்றாள்.

“என்னக்கா?” என்றாள் சித்தி.

“என்னமோ நெஞ்சத் தடுக்கு ஆவுட. காலு வரல.”

“எனக்கும்தான் ஒரு மாதிரியா இருக்கு. சகுனம் சரியில்ல போல.”

“வயித்துப்பிள்ளக்காரிய அழைக்கப் போறோம். மனசு தடுக்கும்போது போவக்கூடாது. இன்னொரு நாளு பாப்போம்.”

எல்லோரும் திரும்பினார்கள். சோற்றைத் தெருப்பிள்ளைகளுக்குப் போட்டார்கள். அடுத்த நல்ல நாளில் அம்மா மறுபடி ஆக்கினாள், மறுபடி வெள்ளைக்கோட்டில் நின்றாள், திரும்பினாள். அதற்கடுத்தும் அப்படியே. எங்கள் வீட்டில் தாளிக்கும் வாசனை வந்தாலே பிள்ளைகள் தட்டோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். “இன்னைக்கும் கட்டுச்சோறா பெரியம்மா?” என்று கேட்பார்கள். அம்மா சிரிக்கமாட்டாள்.

“பஸ்ல டவுனுக்குப் போயி, சுத்தி அந்தப் பக்கம் இறங்கலாமேம்மா” என்று ஒருமுறை சொன்னேன். நான் பேசியதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“ஏட்டி, மனசு வேண்டாங்குது. எந்த வழியாப் போனா என்ன? அந்தப் பிள்ளைக்கு ஏதும் கெடுதல் வரப்போவுதுன்னுதான் நெஞ்சு முன்னாடியே சொல்லுது. நான் போயி அத இழுத்துட்டு வரணுமா?”

மகளைக் காப்பாற்றத்தான் மகளைப் பார்க்கப் போகாமல் இருந்தாள்.

நான் தாண்டினேன். யாருக்கும் தெரியாது.

எனக்கும் அதே தடுப்பு வந்தது. வெள்ளைக்கோட்டில் கால் வைத்ததும் நெஞ்சுக்குள் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது மாதிரி. ஆனால் அந்தக் கை எனக்குப் பழக்கமான கை. வகுப்பறை வாசலில், கல்யாண வீட்டுப் பந்தியில், கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்கும் நொடியில், எப்போதும் என்னை அழுத்துகிற அதே கை. மற்றவர்களுக்கு அது புதிது, அதனால் சகுனம் என்றார்கள். எனக்கு அது தினமும் வருவது. கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நடந்தால் நடந்துவிடலாம். பள்ளிக்கூடத்துக்காக அப்படி நடக்க எனக்குத் தோன்றியதில்லை. அக்காவுக்காகத் தோன்றியது.

அக்கா வீட்டுத் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலில் நீர் கோத்து, மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது.

“அம்மா எங்க?”

“வருவா.”

“அடுப்புப் புகை தெரியுது சீனி இங்க இருந்து. சோறு ஆக்குதா. ரோடு வரைக்கும் வாரா. நான் புளியமரத்தடியில நின்னு பாத்துட்டுதான் இருக்கேன். அங்க வந்து நின்னு, என்னமோ செருப்ப மறந்தவ மாதிரி திரும்பிப் போறா. நான் என்ன செஞ்சேன் அவளுக்கு?”

“நீ வாயேங்க்கா என்கூட.”

“அழைக்காத வீட்டுக்கா?” பிறகு குரலைத் தாழ்த்தி, “நானும் ஒருநாளு வரப்பாத்தேன். வயித்துக்குள்ள இது ஒரு உருளு உருண்டுச்சு பாரு. பயந்து போயிட்டேன். இதுக்கே அங்க வரப் பிடிக்கல போல” என்றாள்.

திரும்பும்போது ஜெபக்கனி அக்கா பார்த்துவிட்டாள். சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரி. தகடு துடைக்க ஒரு கம்பெனி வேனில் அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். சித்திரை வெயிலிலும் மூட்டை மாதிரி கனமான ஒரு சட்டை போட்டிருப்பாள். நான் நடுத்தடுப்பின் சந்தில் நுழைந்து வருவதைக் கண்டு ஏணியிலிருந்து இறங்கிவிட்டாள்.

“ஏ பிள்ள, நீ எப்படி வந்த?”

“நடந்து.”

“அது தெரியுது. ஒனக்கு ஒண்ணும் செய்யலையா?”

நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் சுற்றும் பார்த்தாள். வேன் தூரத்தில் நின்றது.

“யார்ட்டயும் சொல்லாத. அந்தப் பெட்டி சத்தம் போடுது. காதுக்குக் கேக்காது, நெஞ்சுக்குக் கேக்கும். மொதல்ல மாடு, நாயி ரோட்டுக்கு வராம இருக்கத்தான் செஞ்சாவளாம். மனுசனுக்கும் வேலை செஞ்சுது. வண்டிக்குள்ள இருக்கவனுக்கு ஒண்ணும் ஆவாது, ஓரத்துல வந்து நிக்கவனுக்கு மட்டுந்தான். அதுக்குத்தான் எனக்கு இந்தச் சட்டை, சத்தம் உள்ள எறங்காம.”

“போர்டு வைக்கலாமே.”

“வச்சா கேப்பியளா? வேலி போட்டா வளைச்சிருவிய. எங்க சூப்பர்வைசர் சொல்லுவாரு, போவாதன்னு நாம சொல்லக்கூடாது, போவ வேண்டாம்னு அவனுக்கே தோணணும், அப்பந்தான் சண்டை போட ஆளு கெடையாதுன்னு.” அவள் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். “கெட்டதுன்னும் சொல்லிர முடியல பிள்ள. எங்க ஊரு ரோட்டுல எங்க அண்ணன் அடிபட்டுப் போனான். அப்போ இது இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்.”

ஆவுடையம்மா சித்தியின் வீட்டுக்காரரும் இருந்திருப்பார். எனக்கு அது ஞாபகம் வந்தது. ஆனால் அக்காவின் காலும் ஞாபகம் வந்தது.

“அத நிறுத்த முடியாதா?”

“சாவி என்ட்ட இல்ல. வெயில்லதான ஓடுது. அடைமழை புடிச்சா பேட்டரி செத்துரும். பச்சை விளக்கு அவிஞ்சிருச்சுன்னா பெட்டியும் அவிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.”

அன்றிலிருந்து நான் வானத்தைப் பார்த்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வெயில் முகமே காட்டாமல் நாள்கணக்கில் பெய்தது. கரிசல் மண் குழைந்து காலோடு வந்தது. ஒவ்வொரு காலையும் ஓடிப்போய்க் கம்பத்தைப் பார்த்தேன். பச்சைப்பொட்டு மங்கி, மினுக்கி, ஒருநாள் காலையில் இல்லாமல் போனது. சாலை நெடுக எல்லாக் கம்பமும் குருடாக நின்றன.

அக்காவுக்கு ஒன்பது மாதம் நிறைந்திருந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“இப்ப ஆக்கும்மா. இன்னைக்குப் போயிரலாம்.”

“மழையிலயா?”

“இன்னைக்கு மனசு தடுக்காதும்மா. சத்தியமா தடுக்காது.”

நான் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. ஆக்கினாள். பாத்திரங்கள்மேல் வாழையிலையும் அதன்மேல் சாக்கும் மூடி, சித்தியோடு நனைந்துகொண்டே போனோம். வெள்ளைக்கோடு தண்ணீருக்கடியில் தெரிந்தது. வண்டிகள் அதிகமில்லை.

அம்மா நின்றாள்.

“தடுக்கு சீனி.”

“இல்லம்மா. விளக்கப் பாரு, அவிஞ்சிருச்சு.”

“விளக்குக்கும் என் மனசுக்கும் என்னட்டி? முன்னைக்கு இப்பத்தான் ரொம்பத் தடுக்கு. மழை வேற. வேண்டாம்னுதான் சாமி மழையும் காட்டுது.”

“வாங்கக்கா, போயிருவோம்” என்று சித்தி பாத்திரத்தை இடுப்பு மாற்றினாள். அவள் பல் அடித்துக்கொண்டிருந்தது. குளிரால் என்று நினைத்தேன்.

எனக்குமே அந்தக் கை நெஞ்சில் இருந்தது. பேட்டரியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது போல என்று எண்ணிக்கொண்டேன். சர்க்கரைப்பொங்கலில் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது. அன்று பிள்ளைகளுக்கும் போடவில்லை.

மழை விட்டு வெயில் வந்த முதல் நாள் வேன் வந்தது. ஜெபக்கனி அக்கா இறங்கினாள். அந்தக் கனத்த சட்டை அவள் மேல் இல்லை. நான் ஓடிப்போய் அவள் முன்னால் நின்றேன்.

“மழையிலயும் ஓடுச்சே. விளக்கு அவிஞ்சும் ஓடுச்சே. நீங்க பொய் சொன்னிய.”

அவள் வேனுக்குப் போய் டிரைவரிடம் ஏதோ சொல்லி ஒரு சாவியை வாங்கிவந்தாள். கம்பத்தில் ஏணியைச் சாய்த்து ஏறி, பெட்டியின் கதவைத் திறந்தாள். “ஏறிப் பாரு” என்று இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. வெட்டிய வயர்கள் இரண்டு தொங்கின. ஒரு மூலையில் குளவி மண்கூடு கட்டி, கூடும் காய்ந்து போயிருந்தது.

“மார்கழியிலயே எடுத்துட்டாவளாம். எனக்கே போன வாரந்தான் தெரியும். அடுத்த ரோட்டுல புதுசா மாட்டுதாவ, பாத்தா இங்க பெட்டிக்குள்ள இருந்த சாமான். விளக்குக்கு மட்டும் தகட்டுல இருந்து ஒரு வயரு விட்டு வச்சிருக்காவ. இங்க இனிமே தேவையில்லையாம். ஒண்ணு ஒண்ணர வருசம் போதுமாம், அதுக்கப்புறம் ஆளுவளே பாத்துக்கிடுவாவளாம்.”

“மார்கழியிலயா?” அக்கா உண்டாவதற்கு முன்னாலேயே.

“கோடை பூரா அந்தச் சட்டையப் போட்டு வெந்தேன் பிள்ள. காலிப்பெட்டிக்கு. ஒருநாளு மறந்துட்டு வந்து, நெஞ்சு அடைச்சு, இந்த இடத்துல உக்காந்து அழுதிருக்கேன்.”

“அப்ப நான் தாண்டும்போது எனக்கு வந்துச்சே.”

“அது ஒன்னுது” என்றாள்.

ஏணியில் நின்றபடியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். எது பெட்டி வைத்தது, எது பிறந்ததிலிருந்து இருந்தது என்று இனி யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

“அப்ப ஏன் தகட்டத் துடைக்கிய?”

“பளபளன்னு இருக்கணும்லா. கம்பம் நிக்கது தெரிஞ்சாப் போதும்.” அவள் வேன் இருந்த பக்கம் பார்த்துவிட்டு, “இனிமே ரோட்டுக்கு மட்டும் இல்லையாம். எங்கெங்க ஆளு வரக்கூடாதுன்னு நெனைக்காவளோ அங்கெல்லாம் வைக்கப்போறாவளாம். ஆபீசு வாசலு, கொளம், காடு. கொஞ்ச நாளு வச்சிட்டு எடுத்துருவாவ” என்றாள்.

“கதவ மூடாதிய” என்றேன். “எங்க அம்மாவக் கூட்டியாறேன்.”

முதலில் மேற்கே ஓடினேன். நெஞ்சில் கை இருந்தது. என்னுடையது என்று தெரிந்ததும் அது லேசாகவில்லை, இன்னும் கனத்தது. அக்கா படுத்திருந்தாள். இடுப்பு காலையிலிருந்து வலிக்கிறது என்றாள். “புளியமரத்தடிக்கு வந்து நில்லுக்கா. அம்மா வருவா, நிச்சயம் வருவா. பெட்டி காலி” என்றேன். அவளுக்கு எது காலி என்று புரியவில்லை. ஆனாலும் சுவரைப் பிடித்து எழுந்தாள். முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆக்க நேரமில்லை. பழைய தூக்குச்சட்டியில் தயிர்ச்சோறு மட்டும் போட்டுக்கொண்டாள். சித்தியும் வந்தாள். ஜெபக்கனி அக்கா ஏணியைப் பிடிக்க, அம்மா சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். பெட்டிக்குள் நெடுநேரம் பார்த்தாள். வெட்டிய வயரை விரலால் தொட்டாள். குளவிக்கூட்டைத் தட்டினாள், அது உதிர்ந்தது.

“ஒண்ணும் இல்ல” என்றாள் கீழே இறங்கி.

“ஒண்ணும் இல்லம்மா.”

“இத வச்சா என் மகள அழைக்க விடாம பண்ணுனாவ?” என்றாள் ஜெபக்கனி அக்காவிடம். கோபமாக இல்லை. விலை கேட்பது மாதிரி கேட்டாள்.

“ஆமாம்மா.”

சித்தி பெட்டியைப் பார்க்க ஏறவில்லை. “நமக்கென்ன, எதுக்கும் சாமிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவலாம்க்கா” என்று முணுமுணுத்தாள். அம்மா அவளைக் கண்டுகொள்ளாமல் வெள்ளைக்கோட்டுக்குப் போனாள். எதிரே, இரண்டு சாலைக்கும் நடுத்தடுப்புக்கும் அப்பால், புளியமரத்தடியில் அக்கா நின்றாள். ஒரு கை மரத்தில், ஒரு கை இடுப்பில். நெற்றிப்பொட்டு இங்கிருந்தே தெரிந்தது.

“வேலு” என்றாள் அம்மா, தனக்குள்.

ஒரு லாரி போனது. பிறகு ஒரு கார். பிறகு சாலை காலியாக, நீளமாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. லாரிக்காரனை நிற்கச்சொல்லிக் கத்திய என் அம்மா, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலை எடுத்துவைத்தாள்.

“போம்மா.”

“போறேன்.”

கால் அங்கேயே இருந்தது. இன்னொரு கால் வரவில்லை. அவள் நெற்றியில் வேர்வை பூத்து, புருவத்தில் இறங்கியது. நான் அவள் கையைப் பிடித்தேன். கை கல் மாதிரி இருந்தது. நான் இழுத்தேன். அவள் பார்த்த பார்வையில் என்னை அடையாளம் தெரிந்ததாக இல்லை.

“பெட்டியில ஒண்ணும் இல்ல, பாத்தேன்” என்றாள். “அப்போ இது நெசமான சகுனம்தான சீனி?”

நான் அவள் கையை விடவில்லை.

“நாளைக்குக் காலையில நல்ல நேரம் இருக்கு. ஐஞ்சு சோறும் ஆக்கி, முறையா வந்து அழைப்போம்” என்றாள் அம்மா. காலைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

இந்தப் பேச்சு அக்காவுக்குக் கேட்டிருக்காது. கேட்க வேண்டியதும் இல்லை. மரத்திலிருந்து கையை எடுத்தாள். அந்தக் கையையும் வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். எங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பி, அகட்டி அகட்டி, யாரும் இல்லாத அந்த வீட்டைப் பார்த்து நடந்துபோனாள்.